மூன்றாம் ஜார்ஜ் கையெழுத்துப் போட்டாரா, போடவில்லையா?

செங்கோல்
பக்கத்து இழையில் ஒருவர், "பைத்தியக்கார ராஜா ஒருவன் தேயிலைக்கு வரி போட்டு அமெரிக்காவையே தொலைத்தான்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம். ஒரே வரியில் இத்தனை பிழையைத் திணிக்கவும் ஒரு திறமை வேண்டும்.

பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு மனநோய் முற்றியது 1788-இல். அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஆங்கிலேயப் படை யார்க்டவுனில் சரணடைந்தது 1781-இல். போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கை 1783-இல். ஐந்து வருடம் கழித்து வந்த நோயைக் காட்டி, அதற்கு முந்தைய போருக்குக் காரணம் சொல்வது, பேரன் பிறந்ததால் தாத்தாவுக்குக் கல்யாணம் ஆனது என்பது போல இருக்கிறது.

தேயிலை வரி 1767-இல் டவுன்ஷெண்ட் என்ற நிதியமைச்சர் கொண்டுவந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கும் முன்னால், 1765-இல் எல்லாக் குழப்பத்துக்கும் பிள்ளையார் சுழி போட்ட முத்திரைத்தாள் சட்டம் (அமெரிக்கக் குடியேற்றங்களில் பத்திரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் வரி) வந்தபோது மன்னர் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்திருந்தார். அந்தச் சட்டத்தில் அவர் கையெழுத்தே போடவில்லை! ஆணையர் குழு அவர் சார்பில் ஒப்புதல் கொடுத்தது. கையெழுத்தே போடாதவர் தலையில் பழி. இதைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா?

தேயிலைப்பெட்டி
வந்துவிட்டார் அரண்மனை வக்கீல். அந்த வரியை எழுதியவன் நான்தான். ஒரு சொல்லைக்கூட மாற்றப் போவதில்லை.

ஆணையர் குழு என்றால் அது வானத்திலிருந்தா குதித்தது? அப்படி ஒரு குழு ஒப்புதல் கொடுக்கலாம் என்று 1541-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் சட்டம் வந்தது. தன் மனைவி கேத்தரின் ஹோவர்டைக் கொல்லும் மசோதாவைத் தன் காதால் கேட்க அந்த மகானுபாவனுக்கு மனசு வரவில்லை. அதற்காக வந்த ஏற்பாடு அது. அந்தச் சட்டத்தின்படி, குழுவை நியமிக்கும் பத்திரத்தில் ராஜா தன் கைப்படக் கையெழுத்திட வேண்டும். ஆக, கையெழுத்துப் போட்டிருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள்.

செங்கோல்
நான் சொன்னது என்ன? "சட்டத்தில்" கையெழுத்துப் போடவில்லை என்றேன். நியமனப் பத்திரம் வேறு, சட்டம் வேறு. படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். மேலும் "இருக்கிறான்" என்ன "இருக்கிறான்"? அறுபது ஆண்டு ஆண்ட ஒரு மன்னரை அடுத்த வீட்டுப் பையனைப் போல அழைக்கிறீர்களே, மரியாதை என்று ஒன்று கிடையாதா?

தேயிலைப்பெட்டி
ராஜராஜனை "ஆண்டான்" என்று எழுதுகிறோம். கரிகாலனை "கட்டினான்" என்று எழுதுகிறோம். சோழனுக்கு ஆன், வெள்ளைக்காரனுக்கு ஆர். நல்ல இலக்கணம்.

முதுகலை
இருவரும் தவறு. நாற்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கிலாந்தில் மசோதாவின் மீது ராஜா கையெழுத்துப் போடும் வழக்கமே இல்லை. ராஜா நேரில் வந்திருந்தாலும் எழுத்தர் பழைய பிரெஞ்சு மொழியில் "மன்னர் விரும்புகிறார்" என்ற பொருளில் உரக்கச் சொல்வார். அவ்வளவுதான் ஒப்புதல். எனவே "சட்டத்தில் கையெழுத்துப் போட்டாரா" என்ற கேள்விக்கே அர்த்தம் கிடையாது.

செங்கோல்
நன்றி ஐயா. நான் சொன்னதை உறுதி செய்துவிட்டீர்கள். கையெழுத்துப் போடவில்லை.

முதுகலை
நான் அப்படிச் சொல்லவில்லை.

குறுக்கெழுத்து
மன்னிக்கவும், நான் இந்த இழைக்குப் புதியவள். ஒரு சந்தேகம். "தொலைத்தான்" என்று இருவரும் சொல்கிறீர்களே, அந்தக் காலத்து ராஜாவுக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது, நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும் அல்லவா?

தேயிலைப்பெட்டி
செங்கோல் அவர்களே, அவன் விரல் படாமல் அந்த நியமனப் பத்திரம் செல்லுமா, செல்லாதா? ஒரே சொல்லில் பதில்.

செங்கோல்
ஒரே சொல்லில் பதில் சொல்ல நான் என்ன சாட்சிக் கூண்டிலா நிற்கிறேன்? முழுக் கதையையும் சொல்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள்.

ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ 13 கோடிப் பவுன். அந்தப் போரில் பிரெஞ்சுக்காரனை விரட்டியதால் பெரிய நிம்மதி யாருக்கு? அமெரிக்கக் குடியேறிகளுக்கு. காவலுக்கு நிற்கும் படையின் செலவில் ஒரு பங்கைக் கொடுங்கள் என்றால் கொதித்தார்கள். அதே ஆண்டு, அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே பழங்குடிகளின் நிலத்தில் குடியேறாதீர்கள் என்று மன்னர் பெயரில் பிரகடனம் வந்தது. அதற்கும் கொதித்தார்கள். நிலம் வாங்கி விற்கும் ஆசையில் இருந்தவர்களுக்கு அது கசக்கத்தானே செய்யும்.

1766-இல் முத்திரைத்தாள் சட்டம் ரத்தானபோது மன்னர் ரத்துக்கு ஆதரவாகத்தான் நின்றார். அந்த நன்றியில் நியூயார்க்கில் என்ன செய்தார்கள் தெரியுமா? குதிரை மீது அவர் அமர்ந்திருப்பது போல ஒரு சிலை. ஈயத்தில் வார்த்து, தங்க முலாம் பூசி, 1770-இல் பௌலிங் கிரீன் என்ற இடத்தில் நிறுத்தினார்கள். ஆறே வருடம். 1776 ஜூலை 9 அன்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைப் படையினருக்கு வாசித்துக் காட்டிய சூட்டோடு சூடாக ஒரு கும்பல் கயிறு கட்டி அதைச் சாய்த்தது. ஈயத்தைக் கனெக்டிகட்டுக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். மொத்தம் 42,088 குண்டுகள் என்று கடைசி இலக்கம் வரை கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நன்றியின் எடை அது.

அந்தப் பிரகடனத்தில் 27 குற்றச்சாட்டுகள். பெரும்பாலும் "அவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்" என்றே தொடங்கும். நாடாளுமன்றம் செய்ததை எல்லாம் ஒரு மனிதன் தலையில் ஏற்றிய அந்தத் தந்திரத்தைத்தான் இருநூற்றைம்பது வருடம் கழித்தும் நம் ஆட்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். பிரிட்டனில் ஒரு மசோதாவை மன்னர் நிராகரித்தது கடைசியாக 1708-இல், ஆன் அரசி காலத்தில். மூன்றாம் ஜார்ஜ் ஒரு தடவைகூட நிராகரித்ததில்லை. இப்போது சொல்லுங்கள், யார் கொடுங்கோலன்?

வேலூரான்
ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. தேயிலை வரியை எதிர்த்துப் பாஸ்டன்காரன் கடலில் கொட்டியது நம் நீலகிரித் தேயிலை. அதற்கு நஷ்டஈடு கேட்க வேண்டியவர்கள் நாம். இங்கே என்னவென்றால் கையெழுத்து ஆராய்ச்சி நடக்கிறது.

தேயிலைப்பெட்டி
நீலகிரித் தேயிலையா! 1773 டிசம்பர் 16 அன்று கொட்டிய 342 பெட்டியும் சீனத் தேயிலை ஐயா. கிழக்கிந்தியக் கம்பெனி சீனாவின் கேன்டன் துறைமுகத்தில் வாங்கிக் கப்பல் ஏற்றியது. அப்போது நீலகிரியில் ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா?

வேலூரான்
சரி, சீனத் தேயிலை. கம்பெனி நம்முடையதுதானே.

தேயிலைப்பெட்டி
கம்பெனி நம்முடையதா!! இதற்குமேல் நான் என்ன சொல்ல.

செங்கோல்
நம் நண்பர் தேதியில் புலி என்று நினைத்துவிடாதீர்கள். போன ஆடி மாதம் திப்பு இழையில் பொள்ளிலூர்ப் போரை 1782 என்று எழுதி, நான் 1780 என்று திருத்தியபோது மூன்று நாள் காணாமல் போனவர் இவர்.

தேயிலைப்பெட்டி
அது எழுத்துப் பிழை. அப்போதே சொன்னேன். இன்னும் எத்தனை வருடம் அதையே தூக்கிக்கொண்டு திரிவீர்கள்?

கதைக்கு வருகிறேன். நிராகரிக்கவே இல்லையாம், பாவமாம். நிராகரிக்க வேண்டிய தேவை இல்லாதபடி கொல்லைப்புறமாக வேலை பார்த்தவன் அவன். 1783 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியை ஒழுங்குபடுத்த அமைச்சர் ஃபாக்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். மக்களவை நிறைவேற்றிவிட்டது. ராஜா என்ன செய்தான்? டெம்பிள் பிரபுவைக் கூப்பிட்டு, "இதற்கு ஆதரவாக வாக்களிப்பவன் என் நண்பன் அல்ல, என் எதிரி" என்று மேலவை முழுக்கச் சொல்லிப் பரப்பச் சொன்னான். மசோதா தோற்றது. மறுநாள் இரவே அமைச்சரவையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 24 வயதுப் பிட்டைப் பிரதமராக்கினான். இதுதான் உங்கள் "நாடாளுமன்றம் சொன்னதைக் கேட்ட அப்பாவி".

1774 நவம்பரில் அப்போதைய பிரதமர் நார்த் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் நமக்குக் கட்டுப்பட்டவர்களா, சுதந்திரமானவர்களா என்பதை அடிதான் தீர்மானிக்க வேண்டும் என்று எழுதியவனும் இவன்தான். அதில் கையெழுத்து இருக்கிறதா, இல்லை அதையும் ஆணையர் குழுவா எழுதியது?

செங்கோல்
அடி என்று எழுதியபோது பாஸ்டனில் ஏற்கெனவே சட்டம் செத்துப் போயிருந்தது. மேலும் அந்தக் கடிதம் 1774. நாம் பேசுவது 1765. 1765-இல் கையெழுத்துப் போட்டாரா, இல்லையா?

முதுகலை
மசோதாவில் கையெழுத்துப் போடும் வழக்கமே இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

பினாங்குவாசி
வணக்கம். எங்கள் ஊருக்கே ஜார்ஜ் டவுன் என்று பெயர். இந்த ராஜா பெயரில்தான் வைத்தார்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவைக் கம்பெனிக்காக எடுத்தபோது தீவுக்கு வேல்ஸ் இளவரசர் பெயர், ஊருக்கு அவருடைய அப்பா பெயர். உங்கள் சென்னையில் உள்ள ஜார்ஜ் டவுனும் இவர் பெயர்தானே? இரண்டு ஊருக்கும் ஒரே ராஜா என்று நினைக்கும்போது ஏதோ உறவு போல இருக்கிறது.

வேலூரான்
ஆமாம். செயின்ட் ஜார்ஜ் கோட்டையும் இவர் பெயரில் கட்டியதுதான்.

முதுகலை
ஐயோ. கோட்டை கட்டியது 1640-களில். ஜார்ஜ் என்ற பெயரில் இங்கிலாந்துக்கு ராஜாவே வந்தது 1714-இல். கோட்டைக்குப் பெயர் புனித ஜார்ஜ் என்ற துறவியின் பெயர். சென்னை ஜார்ஜ் டவுனுக்குப் பெயர் ஐந்தாம் ஜார்ஜ். அதற்கு முன் அதைக் கறுப்பர் நகரம் என்றுதான் அழைத்தார்கள். 1911-இல் மாற்றினார்கள்.

பினாங்குவாசி
புனித ஜார்ஜ் துறவி அல்லவே, படைவீரர் அல்லவா? பாம்பைக் குத்துவது போல் படம் இருக்குமே.

முதுகலை
படைவீரர்தான். கை தவறிவிட்டது. அது பாம்பு அல்ல, டிராகன்.

தேயிலைப்பெட்டி
நாற்பது வருட ஆசிரியர்!

முதுகலை
தம்பி, வயதுக்கு ஒரு மரியாதை கொடுங்கள். நீங்கள் எழுதும் "அவன் இவன்" எல்லாம் படிக்கும்போது உங்களை எந்தப் பள்ளி தேற்றியது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

குறுக்கெழுத்து
என் கேள்வி மேலே அப்படியே இருக்கிறது. யாராவது?

செங்கோல்
அம்மா, பொறுங்கள், அதற்குத்தான் வருகிறேன்.

என் தாத்தாவின் இரும்புப் பெட்டியில் ஒரு செப்புக் காசு இருந்தது. 1797-இல் அடித்த பென்னி. இப்போது என் மேசை மீது இருக்கிறது. கையில் எடுத்தால் ஒரு அவுன்ஸ் கனம். சின்ன அப்பளம் அளவு, ஆனால் ஓரம் வண்டிச் சக்கரப் பட்டை போலத் தடித்து நிற்கும். அந்தப் பட்டைக்குள் எழுத்துகளைப் பள்ளமாகச் செதுக்கியிருப்பார்கள்: ஜார்ஜியஸ் மூன்று, கடவுள் அருளால் மன்னர். நடுவில் மாலை சூடிய தலை, கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கும். பின்புறம் கடலோரம் பிரிட்டானியா உட்கார்ந்திருப்பாள். பதின்மூன்று குடியேற்றங்களை இழந்து பதினான்கு வருடம் கழித்து வந்த காசு. அப்போதும் அவர் நாட்டில் அவருக்குச் செல்வாக்கு குறையவில்லை. "விவசாயி ஜார்ஜ்" என்று மக்கள் செல்லமாக அழைத்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஜார்ஜுகளும் ஜெர்மனியில் பிறந்தவர்கள். இவர் லண்டனில் பிறந்தவர். பதினைந்து பிள்ளைகள், ஒரே மனைவி, வைப்பாட்டி கிடையாது. அந்தக் குடும்பத்தில் அது ஓர் அதிசயம். இவர் சேர்த்த அறுபத்தைந்தாயிரம் நூல்கள்தான் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் நடுவில் கண்ணாடிக் கோபுரமாக நிற்கின்றன. வில்லியம் ஹெர்ஷல் 1781-இல் யுரேனஸைக் கண்டுபிடித்து ஜார்ஜின் நட்சத்திரம் என்றே பெயர் வைத்தார்.

தேயிலைப்பெட்டி
அதே 1781-இல் யார்க்டவுன். கீழே பதின்மூன்று போனது, மேலே ஒன்று வந்தது. அந்தப் பெயரும் நிலைக்கவில்லை.

ஒரு செப்புக் காசுக்கு இத்தனை விசுவாசமா ஐயா? தாத்தா ஒரு வெள்ளிக் காசு வைத்திருந்தால் கோயிலே கட்டியிருப்பீர்கள்.

செங்கோல்
என் தாத்தாவை இழுக்காதீர்கள். எச்சரிக்கிறேன்.

தேயிலைப்பெட்டி
பெட்டியோடு இழுத்து வந்தது நீங்கள்.

சரி, முத்திரைத்தாளை விடுங்கள். 1775 ஜூலையில் குடியேறிகள் ஆலிவ் கிளை மனு என்று ஒன்று அனுப்பினார்கள். சண்டை வேண்டாம், சமாதானமாகப் போவோம் என்று ராஜாவுக்கே நேராக எழுதியது. அதை அவன் வாங்கக்கூட மறுத்தான். ஆகஸ்ட் 23 அன்று அவர்களைக் கிளர்ச்சிக்காரர்கள் என்று அறிவித்தான். வாங்கிப் படிக்க எந்த நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும்?

1777-இல் சரடோகாவில் ஆங்கிலேயப் படை ஒன்று அப்படியே சரணடைந்தது. அடுத்த வருடம் பிரான்ஸ் அவர்களோடு சேர்ந்தது. 1779-இல் ஸ்பெயினும் பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. நார்த் பிரபு, "என்னை விட்டுவிடுங்கள், என்னால் முடியவில்லை" என்று கெஞ்சிக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். ராஜா அவருடைய சொந்தக் கடனை அடைக்கப் பணம் கொடுத்துப் பதவியிலேயே கட்டிப் போட்டான். போரை இழுத்தது யார்?

செங்கோல்
இழுத்தார். ஏன் இழுத்தார்? அமெரிக்கா போனால் மேற்கிந்தியத் தீவுகள் போகும், அயர்லாந்து போகும், கடைசியில் இந்தச் சின்னத் தீவு மட்டும் மிஞ்சும் என்று பயந்தார். அந்தப் பயம் பொய்த்தது. ஆனால் பயந்தவனை முட்டாள் என்று பின்னால் வந்தவர்கள் சொல்வது சுலபம். தோல்வி உறுதியானபோது 1782 மார்ச்சில் பதவியைத் துறக்கிறேன் என்று தன் கையால் ஓர் அறிக்கை எழுதி வைத்தார். கடைசியில் அதைக் கொடுக்கவில்லை. 1785-இல் அமெரிக்கத் தூதராக ஜான் ஆடம்ஸ் அவர் முன் வந்து நின்றபோது, பிரிவுக்குக் கடைசியாகச் சம்மதித்தவன் நான், பிரிந்தபின் உங்கள் நட்பை முதலில் ஏற்பவனும் நானே என்றார். உங்களுக்கு அந்தப் பெருந்தன்மை வருமா? போன ஆடிச் சண்டைக்கு இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள்.

தேயிலைப்பெட்டி
ஆடியை நினைவுபடுத்திக்கொண்டே இருப்பது நீங்கள்! பதவி விலகல் கடிதத்தையும் எழுதினான், கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டான், போடவில்லை. எல்லாமே இப்படித்தானா?

வேலூரான்
இரண்டு பேரும் நிறுத்துங்கள். தேயிலையில் நான் தப்பு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். இதையாவது கேளுங்கள். யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ், சரணடையும் சடங்குக்கே உடம்பு சரியில்லை என்று வராமல் தனக்குக் கீழே இருந்தவரை அனுப்பினார். அந்த மனிதருக்கு இந்த ராஜாவின் ஆட்சி என்ன தண்டனை கொடுத்தது? 1786-இல் நமக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பியது. 1792-இல் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கிக்கொண்டு, திண்டுக்கல்லையும் சேலத்தையும் பாரமகாலையும் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டார். அங்கே விட்டதை இங்கே பிடித்தார்கள்.

ஃபாக்ஸ் மசோதாவைக் கவிழ்த்த கதையைச் சொன்னீர்களே, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. பிட் வந்ததும் ஆற்காடு நவாபின் பேரில் வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருந்த கடன்களை எல்லாம் சரியாக விசாரிக்காமலே கொடுக்கலாம் என்று முடிவானது. 1785 பிப்ரவரியில் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் எழுந்து மணிக்கணக்கில் கத்தினார். யார் கேட்டார்கள்? அந்தக் கடனைக் கட்டியது ஆற்காட்டு உழவன். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது இந்த ராஜா காலம். 1806-இல் எங்கள் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதும் இந்த ராஜா காலம். அமெரிக்காவைத் தொலைத்தானா இல்லையா என்று நீங்கள் அடித்துக்கொள்கிறீர்கள். தொலைத்தது பற்றி எனக்குக் கவலை இல்லை. பிடித்தது பற்றித்தான்.

செங்கோல்
1806-இல் மன்னருக்குக் கண் பார்வையே போய்க்கொண்டிருந்தது. வேலூர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? கம்பெனி செய்ததை அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

வேலூரான்
வெற்றி வந்தால் மன்னர், பழி வந்தால் கம்பெனி. நல்ல கணக்கு.

பினாங்குவாசி
கயானாவில்கூட ஒரு ஜார்ஜ் டவுன் இருக்கிறதே. அதுவும் இவர்தான். இப்போதுதான் பார்த்தேன்.

முதுகலை
அது ஒன்றாவது சரி.

தேயிலைப்பெட்டி
செங்கோல் அவர்களே, 1765 நியமனப் பத்திரம். ஆம், இல்லை?

செங்கோல்
நண்பரே, பத்திரம் என்பது ஓர் அதிகாரம் வழங்கும் ஆவணம். சட்டம் என்பது நாடாளுமன்றம் நிறைவேற்றுவது. நான் வீட்டை விற்க உங்களுக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தால், விற்பனைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல முடியுமா?

தேயிலைப்பெட்டி
வீடு போனது யாருடையது?

செங்கோல்
உவமையை முறுக்காதீர்கள்.

முதுகலை
நானும் ஒரு தடவை அப்படி அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து, மைத்துனர் மனை ஒன்றை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார். அதில் சட்டப்படி யார் பொறுப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த வழக்கு வேறு.

குறுக்கெழுத்து
நான் போய் வேறு இழையில் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செங்கோல்
அம்மா போய்விட்டார். எல்லாம் இவர்கள் நடத்தையால். நாளை நூலகம் திறந்ததும் மன்னரின் கடிதத் தொகுப்பை எடுத்து, பக்க எண்ணோடு போடுகிறேன். அதுவரை யாரும் இங்கே எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

தேயிலைப்பெட்டி
நாளை ஞாயிறு. நூலகம் விடுமுறை.

செங்கோல்
திங்கட்கிழமை போடுகிறேன். "அவர்" என்று எழுதக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

தேயிலைப்பெட்டி
அவன் கையெழுத்துப் போட்டான்.